ஒரு சென்ட் மனை, ஐந்து பேர்: சென்னைக்கு எப்படிப்பட்ட குட்டி வீடு?

கேள்வி: 6 ஏப்ரல் 2025

பெரம்பூர் பக்கம் எங்களுக்கு ஒரு சென்ட் மனை இருக்கிறது. 15 அடி அகலம், 29 அடி நீளம். கிழக்குப் பார்த்தது, முன்னால் 10 அடிச் சந்து. இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர்கள் ஒட்டி நிற்கின்றன. அப்பா, அம்மா, நான், மனைவி, ஏழு வயது மகள். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுச் சுற்றுச்சூழலைக் கெடுக்காத குட்டி வீடாகக் கட்ட ஆசை. கன்டெய்னர் வீடு, ஏணி வைத்து மேலே படுக்கை போட்ட மர வீடு என்று வீடியோ பார்த்துப் பார்த்து எனக்கும் மனைவிக்கும் ஒரே மயக்கம். இதெல்லாம் சென்னைக்குச் சரிப்படுமா?

பதில்: 6 ஏப்ரல், இரவு

கன்டெய்னரை விட்டுவிடுங்கள். 20 அடிக் கன்டெய்னரின் உள் அகலம் 7 அடி 8 அங்குலம்தான். உயரம் 8 அடிக்கும் குறைவு. நம் வெயிலுக்கு உள்ளே வெப்பத்தடுப்பும் பலகையும் வைத்து மூடாமல் அதில் ஆள் இருக்க முடியாது. மூடினால் அகலம் 7 அடிக்கு வந்துவிடும், ஃபேன் மாட்ட உயரம் மிஞ்சாது. உப்புக்காற்றுக்கு வருடா வருடம் பெயின்ட் வேறு. அதற்கெல்லாம் முன்னால், 2 டன்னுக்கு மேல் எடையுள்ள பெட்டியை 10 அடிச் சந்துக்குள் எந்த கிரேன் இறக்கும்?

வடசென்னையில் இதே மாதிரி ஒடுக்கமான மனைகளில் வீடு கட்டிக் கொடுப்பதுதான் என் வேலை. நான் குடியிருப்பதும் 14 அடி அகல வீட்டில்தான். ஒரு சென்ட்டில் ஐந்து பேர் நன்றாக வாழ முடியும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வீட்டைத் தீர்மானிப்பது மடக்குக் கட்டிலும் மடக்கு மேஜையும் இல்லை. வெயில், காற்று, தண்ணீர் மூன்றும்தான். ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

7 ஏப்ரல்

ஏணிப் படுக்கை பற்றி. குளிர் நாட்டில் சூடான காற்று மேலே ஏறித் தங்குவது வரம், அதனால் அங்கே கூரைக்கு அடியில் போய்ப் படுக்கிறார்கள். இங்கே மே மாதத்தில் அந்த இடத்தில் அரை மணி நேரம் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேன் வேறு படுக்கை மட்டத்துக்குக் கீழே சுற்றும். அம்மா அப்பாவுக்கு முட்டி வலி வந்தால் ஏணி உதவாது.

பரண் நல்லது, ஆனால் சாமான் வைக்க. படுக்க நம்மிடம் பாய் இருக்கிறது. காலையில் சுருட்டி மூலையில் நிறுத்தினால் படுக்கையறை கூடமாகிவிடும். அப்பா அம்மாவுக்கு மட்டும் நிலையாக ஒரு கட்டில் போடுங்கள், அதில் கை வைக்காதீர்கள். வயதானவர்களைத் தினமும் தரையில் இருந்து எழ வைப்பது பாவம்.

12 ஏப்ரல்

வெயிலுக்கு வருவோம். உங்கள் மனையில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. இரண்டு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர்கள் இருப்பதால் வடக்கும் தெற்கும் நிழல். வெயில் படுவது முன்பக்கக் கிழக்குச் சுவர், பின்பக்க மேற்குச் சுவர், மொட்டை மாடி ஆகிய மூன்றின் மீதுதான். காலை வெயில் பெரிய தொல்லை இல்லை. ஆகவே காசைக் கொட்ட வேண்டியது மாடித் தளத்திலும் மேற்குச் சுவரிலும். மற்ற இடங்களில் சிக்கனமாக இருக்கலாம்.

ஒரு நண்பர் கீழே பதிலில், கேரளத்தில் சிக்கன வீடுகள் கட்டிய கட்டடக்கலைஞர் லாரி பேக்கரின் முறையில் வீடு முழுக்க எலிப்பொறிக் கட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார். அருமையான முறைதான். செங்கலை நிமிர்த்தி வைத்து நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவார்கள். செங்கல் நாலில் ஒரு பங்கு மிச்சமாகும், உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கும். ஆனால் சுவர் 9 அங்குலம். இரண்டு பக்கமும் 9 அங்குலம் வைத்தால் 15 அடியில் ஒன்றரை அடி சுவருக்கே போய்விடும். தூண் நிறுத்திப் பக்கச் சுவர்களை 4½ அங்குலமாகக் கட்டினால் முக்கால் அடி திரும்பக் கிடைக்கும். இந்த அகலத்தில் முக்கால் அடி என்பது அலமாரியின் பாதி ஆழம். எனவே எலிப்பொறிக் கட்டை மேற்குச் சுவருக்கு மட்டும் வையுங்கள். அந்தச் சுவருக்குத்தான் அது தேவை.

மேற்கில் பெரிய ஜன்னல் வேண்டாம். கழிவறை, படிக்கட்டு, சாமான் அறை இவற்றில் எது முடியுமோ அதை மேற்கில் தள்ளுங்கள். வெயிலை அவை வாங்கிக்கொள்ளட்டும்.

4 மே

இன்று கத்திரி ஆரம்பம். இரவு பத்து மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி கான்கிரீட் தளம் போட்ட ஏதாவது ஒரு மாடி அறையின் உட்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அடுப்பை அணைத்த பிறகும் சூடு இறங்காத தோசைக்கல் மாதிரி இருக்கும். பகலெல்லாம் குடித்த வெயிலை கான்கிரீட் இரவில்தான் கீழே விடுகிறது. ஏசி போட்டாலும் அது முக்கால்வாசி இந்தத் தளத்தோடுதான் மல்லுக்கட்டுகிறது.

முன்பெல்லாம் தளம் போட்ட பிறகு அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். அதற்கு மேல் தட்டையான ஓடு பதிப்பார்கள். என் தாத்தா காலத்து வீட்டில் அந்தத் தளம் இன்னும் ஒழுகாமல் நிற்கிறது. மத்தியானத்திலும் அதற்குக் கீழே படுக்கலாம். இப்போது அப்படித் தட்டத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காவிட்டால் வெள்ளை நிறக் கூலிங் டைல்ஸ் ஒட்டுங்கள். அதற்கும் கையில் பணம் இல்லை என்றால் மாசி முடியும்போது மாடி முழுக்கச் சுண்ணாம்பு அடியுங்கள். ஒரு மழைக்காலம் போனால் கறுத்துவிடும், மறுபடி அடிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. வித்தியாசத்தை அன்று இரவே உணரலாம்.

தளத்தையே வேறு மாதிரியும் போடலாம். கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில் கம்பிகளுக்கு இடையே இருக்கிற கான்கிரீட் பாரம் தாங்குவதில் பெரிதாக உதவுவதில்லை. அந்த இடத்தில் மங்களூர் ஓட்டைக் கவிழ்த்து வைத்து மேலே கான்கிரீட் போடுவது ஃபில்லர் ஸ்லாப். சிமெண்ட் குறையும், சூடும் குறையும். இடிக்கப்போகும் ஓட்டு வீட்டின் ஓடுகளையே இதற்குப் பயன்படுத்தலாம்! உடையாததைப் பொறுக்கித் தனியாக அடுக்கச் சொல்லுங்கள். ஆனால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் கம்பி இடைவெளியைக் கணக்கிட்டுத் தராமல் மேஸ்திரி சொன்னார் என்று போட்டுவிடாதீர்கள்.

9 மே

காற்று. முன்னாலும் பின்னாலும் மட்டும்தான் திறப்பு என்றால் 29 அடி நீளத்தில் நடுப்பகுதி புழுங்கும், பகலிலும் லைட் போட வேண்டியிருக்கும். கட்டடக்கலைஞர் சார்லஸ் கொரியா 1960களின் தொடக்கத்தில் அகமதாபாத்தில் குழாய் மாதிரி ஒடுங்கி நீண்ட ஒரு வீடு கட்டினார். அகலம் சுமார் 12 அடி, இரண்டு பக்கமும் அடைத்த சுவர். சூடான காற்று சாய்ந்த கூரையின் அடியிலேயே மேலேறி உச்சியில் இருந்த திறப்பு வழியாக வெளியேறும், கீழிருந்து புதுக் காற்று உள்ளே வரும். உங்கள் மனைக்கு ஏற்ற சிந்தனை அது.

நாம் அதைப் படிக்கட்டில் செய்துவிடலாம். படிக்கட்டு கடைசி வரை ஒரே குழியாக ஏறட்டும். மொட்டை மாடியில் படிக்கட்டு முடிகிற சின்ன அறையில் உயரமான இடத்தில் இரண்டு பக்கமும் திறக்கிற வென்டிலேட்டர் வையுங்கள். மத்தியானத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடற்காற்று வரும்போது வாசல் ஜன்னல் வழியாக நுழைந்து படிக்கட்டு வழியாக ஏறிப் போகும். கம்பி வலை கட்டாயம். கொசு வராத காற்றைத்தான் நாம் அனுபவிக்க முடியும்.

11 மே

நடுவில் திறந்த முற்றம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஜப்பானியக் கட்டடக்கலைஞர் தடாவோ ஆண்டோ 1976இல் ஒசாகாவில் கட்டிய ஒடுக்கமான வீட்டில் நடு மூன்றில் ஒரு பங்கு வெட்டவெளி. மழை பெய்தால் கழிவறைக்குப் போகக் குடை பிடிக்க வேண்டும். அந்த வீடு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் உங்கள் அப்பா அம்மாவை நினைத்தால் மனம் வரவில்லை. 3 அடிக்கு 4 அடி வெளிச்சக் குழி போதும். மேலே கண்ணாடிக் கூரையை ஓர் அடி தூக்கி வைத்து, சுற்றிலும் காற்றுக்கு இடம் விடுங்கள். அதற்கு அடியில் பாத்திரம் துலக்கும் இடம் வைத்தால் ஈரமும் காயும்.

2 ஜூன்

படிக்கட்டுக் கணக்கு. தரைக்குத் தரை 10 அடி, படி உயரம் 7 அங்குலம், மிதி 10 அங்குலம் என்றால் 17 ஏற்றம், 16 மிதி. திரும்பி ஏறும் படிக்கட்டாக 3 அடி அகலத்தில் போட்டால் சுமார் 58 சதுர அடி போகும். வடக்குச் சுவரோடு ஒரே நேராகப் போட்டால் 40 சதுர அடி. அந்த 18 சதுர அடி குட்டி வீட்டில் ஒரு கழிவறை.

நேர்ப் படிக்கட்டின் உயரமான முனைக்கு அடியில் அப்பா அம்மாவுக்குக் கழிவறை, நடுவில் கிரைண்டர், அரிசி டிரம், தாழ்ந்த முனையில் செருப்பு, பக்கெட். கேஸ் சிலிண்டரை அங்கே அடைக்காதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மூடிய மூலையில் தரையோடு தேங்கும். சிலிண்டருக்குக் காற்றோட்டமான பின்பக்கம்தான் இடம்.

வீடியோக்களில் வரும் வீடுகளில் கிரைண்டரும் இருக்காது, வடகம் காய வைக்க இடமும் இருக்காது. தீபாவளிக்கு வருகிற உறவுக்காரர்களும் இருக்க மாட்டார்கள். நம் வீட்டில் இத்தனையும் உண்டு, இவற்றுக்கு இடம் ஒதுக்கிய பிறகுதான் மற்றது.

3 ஜூன்

நேற்று எழுத விட்டது. டோக்கியோவில் அசுமா தகாமித்சு என்ற கட்டடக்கலைஞர் 1966இல் தன் குடும்பத்துக்காகக் கட்டிய கோபுர வீட்டின் மனை சுமார் 20 சதுர மீட்டர், அதாவது உங்கள் மனையில் பாதி. அடித்தளத்துக்கு மேல் ஐந்து மாடி, உள்ளே அறைக் கதவுகளே இல்லை. படிக்கட்டின் திருப்பங்கள்தான் அறைகளைப் பிரிக்கின்றன. நெருக்கடியான நகரத்தை விட்டுப் போக மாட்டேன் என்று அவர் பிடிவாதமாக அங்கேயே இருந்தார். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

கதவில்லாத வீடு நமக்கு ஒத்துவராது. மூன்று தலைமுறை இருக்கிற வீட்டில் இரண்டு கதவாவது வேண்டும், கணவன் மனைவிக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று. திறந்து மூடும் கதவுக்குப் பதில் தள்ளு கதவு போட்டால் கதவு சுற்றும் இடம் மிச்சமாகும். மகளுக்கு இன்னும் சில வருடத்தில் தனி மூலை தேவைப்படும். மாடி அறையில் திரை போடக் கம்பிக்கு இப்போதே கொக்கி வைத்துவிடுங்கள்.

20 ஜூலை

"இவ்வளவு கஷ்டப்படுவதற்கு மனையை விற்றுவிட்டுப் புறநகரில் 900 சதுர அடி ஃபிளாட் வாங்கலாமே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் இவர்களுக்கு ரயில் நிலையம் நடை தூரம், மகளின் பள்ளி பக்கத்துத் தெரு, அப்பா தினமும் பேசும் நண்பர்கள் அந்தச் சந்தில். புறநகருக்குப் போனால் இரண்டு வண்டி வாங்க வேண்டும், தினமும் இரண்டு மணி நேரம் சாலையில் போகும். எரிக்கும் பெட்ரோலையும் கணக்கில் சேர்த்தால் பெரம்பூரின் 435 சதுர அடிதான் பசுமையான வீடு. சூரியத் தகடு போட்ட புறநகர் பங்களாவைவிடவும்தான்.

22 ஜூலை

எல்லாக் குழாயையும் சுவருக்குள் புதைத்து அழகாக முடிக்க ஆசை என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். டோக்கியோவில் குரோகாவா கிஷோ 1972இல் கட்டிய நாககின் கேப்சூல் கோபுரத்தில் 140 அறைப் பெட்டிகள், ஒவ்வொன்றும் சுமார் 10 சதுர மீட்டர். 25 வருடத்துக்கு ஒருமுறை பெட்டியைக் கழற்றிப் புதிது மாட்டலாம் என்பதுதான் திட்டம். ஒரு பெட்டியைக்கூட மாற்றவில்லை. பழுது சேர்ந்து சேர்ந்து 2022இல் கட்டடத்தையே பிரித்தார்கள். சரிபார்க்க வழியில்லாத கட்டடம் எவ்வளவு புதுமையாக இருந்தாலும் நிற்காது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கழிவறைக் குழாய் சுவருக்குள் கசிந்து, அடுத்த அறை அலமாரியில் இருந்த பட்டுப்புடவைகள் பூஞ்சை பிடித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. சுவர் ஒட்டிய மனையில் பக்கத்து வீட்டுக்கும் ஈரம் போய்ச் சண்டை வரும். எல்லாக் குழாயும் வெளிச்சக் குழியில் வெளிப்படையாக இறங்கட்டும், கை நுழைய இடம் விட்டு.

17 ஆகஸ்ட்

கையில் இருக்கும் பணத்துக்குத் தரைத்தளம் மட்டும்தான் முடியும் என்றால் தயங்க வேண்டாம். இந்தூரில் கட்டடக்கலைஞர் பி. வி. தோஷி திட்டமிட்ட ஆரண்யா குடியிருப்பில் ஏழைகளுக்குக் கொடுத்த மனைகளில் சிறியது 35 சதுர மீட்டர், உங்கள் மனையைவிடக் கொஞ்சம் சிறியது. கடைக்காலும் கழிவறையும் தண்ணீர் வசதியும் கொடுத்து, மீதியைக் குடும்பங்களே வருடக்கணக்கில் வளர்த்துக்கொள்ள விட்டார்கள். சிலி நாட்டின் இகிகே நகரில் கட்டடக்கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனா குழுவினர் 2004இல் 93 குடும்பங்களுக்குப் பாதி வீடு கட்டிக் கொடுத்ததும் இதே எண்ணத்தில்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது, அஸ்திவாரத்தையும் தூணையும் முதல் மாடியின் பாரத்துக்கும் சேர்த்து இப்போதே போடுவது. படிக்கட்டையும் இப்போதே கட்டிவிடுங்கள். பின்னால் நீட்டி விடும் தூண் கம்பிகளை வெறுமனே விட்டால் நம் காற்றில் துருப்பிடித்துப் பாதியாகிவிடும். சிமெண்ட் பால் பூசி, மெலிந்த கலவையால் மூடி வையுங்கள். மாடி எடுக்கும்போது உடைத்துக்கொள்ளலாம்.

பிளான் அனுமதிக்கு முன்பு மாதிரி அலைய வேண்டாம். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் மாடியும் கட்ட ஆன்லைனில் உடனே அனுமதி கிடைக்கிறது. ஆனால் உங்கள் தெரு தொடர் கட்டடப் பகுதியில் வருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கச் சுவரை ஒட்டிக் கட்டலாமா என்பது அதைப் பொறுத்தது. இங்கே நான் எழுதியதில் பாதி அந்த ஒரு பதிலில் தொங்குகிறது.

26 அக்டோபர்

மழை பிடித்துவிட்டது, தண்ணீர் பேசலாம். உங்கள் மொட்டை மாடி சுமார் 40 சதுர மீட்டர். சென்னையில் வருடத்துக்குச் சராசரியாக 1,400 மி.மீ. மழை. கணக்குப்படி 56,000 லிட்டர், சிந்தியது சிதறியது போக 45,000 லிட்டர் கிடைக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று அரசு அளவுகோலை வைத்தால் ஐந்து பேருக்கு 675. ஆக, உங்கள் சின்னஞ்சிறு கூரை இரண்டு மாதத்துக்கு மேல் தண்ணீர் தருகிறது. 2019 கோடையில் நான்கு ஏரியும் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் தமிழகம் முழுக்கக் கட்டாயம்தான். பல வீடுகளில் அது ஒரு குழாயை மண்ணில் செருகி வைத்திருப்பதோடு முடிகிறது. நீங்கள் வாசலுக்கு அடியில் 6 அடிக்கு 5 அடி, 5 அடி ஆழத்தில் சம்ப் கட்டினால் 4,000 லிட்டருக்கு மேல் பிடிக்கும். முதல் மழையை வெளியே விட்டு, அடுத்த மழையை ஜல்லி, கரி, மணல் வடிகட்டி வழியாக சம்ப்புக்கு விடுங்கள். நிரம்பியது உறைகிணற்றுக்குப் போகட்டும்.

மாடியில் 1,000 லிட்டர் டேங்க் வைத்தால் நிரம்பும்போது ஒரு டன். தளத்தின் நடுவில் வைக்காமல் தூண்களுக்கு மேல் வருகிற மாதிரி மேடை கட்டுங்கள்.

27 அக்டோபர்

சம்ப் மூடி! முக்கியமானதை விட்டுவிட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவில் நின்ற தண்ணீர் பல வீடுகளின் சம்ப்புக்குள் இறங்கியது. வீட்டுக்குள் வந்த தண்ணீர் வடிந்த பிறகும் குடிக்கவோ குளிக்கவோ ஒரு சொட்டு கிடையாது. மூடியின் விளிம்பை அந்த மழையில் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு மேலே எழுப்புங்கள், ரப்பர் வளையம் வைத்து இறுக்கி மூடுகிற மாதிரி. கரண்ட் மீட்டர், மோட்டார் சுவிட்ச் எல்லாம் இடுப்புக்கு மேலே.

தரை மட்டமும் அப்படித்தான். எங்கள் தெருவில் பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில், படி ஏறிப் போன வீடுகளுக்கு இப்போது படி இறங்கிப் போகிறார்கள். சாலையிலிருந்து 3 அடியாவது உயர்த்திக் கட்டுங்கள். வாசலில் படி ஏறும் இடத்தை ஒன்றரை அடித் திண்ணையாக அகலப்படுத்தினால் அப்பா மாலையில் உட்கார இடம் ஆயிற்று. வீடு சிறிதாக இருக்கும்போது தெருவோடு இருக்கிற உறவு பெரிதாக இருக்க வேண்டும். நான் வளர்ந்தது ஒண்டுக்குடித்தனத்தில். எட்டுக் குடும்பத்துக்கு ஒரே கழிவறை, காலையில் வரிசை. அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் படிப்பது, அரட்டை, பூ கட்டுவது எல்லாம் திண்ணையில் நடந்ததால் 120 சதுர அடி அறை எங்களுக்குச் சிறிதாகத் தெரிந்ததே இல்லை.

23 நவம்பர்

சூரியத் தகடு பற்றிய கேள்விக்கு: ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் சுமார் 100 சதுர அடி வேண்டும். மத்திய அரசின் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியம். நம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 2 கிலோவாட் தாராளம்.

ஆனால் மாடியைத் தகட்டுக்குத் தாரை வார்த்துவிடாதீர்கள். துணி காய்வதும், மகள் விளையாடுவதும், கரண்ட் போன இரவில் எல்லாரும் படுப்பதும் அங்கேதான். 8 அடி உயரத்தில் இரும்புச் சட்டம் நிறுத்தித் தகட்டை மேலே வையுங்கள். கீழே நிழல், தளமும் சூடாகாது. 2016இல் வர்தா புயல் வந்தபோது கூரைகள் பறந்ததை நினைத்து, சட்டத்தின் கால்களைத் தளத்தில் வெறும் போல்ட்டால் முடுக்காமல் தூண் தலையோடு சேர்த்துப் பிணைக்கச் சொல்லுங்கள். அதற்கான தகடுகளைக் கான்கிரீட் போடும்போதே பதிக்க வேண்டும்.

14 டிசம்பர்

அஸ்திவாரம் முடிந்தது, படிக்கட்டு நேராகவே போகிறது, பழைய ஓட்டில் முக்கால்வாசி உடையாமல் கிடைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். மிகவும் சந்தோஷம்.

கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் மாலை நீங்களும் மனைவியும் சென்டரிங், அதாவது கான்கிரீட்டைத் தாங்க அடிக்கும் பலகைத் தளத்தின் மேல் ஏறிப் பாருங்கள். ஃபேன் பெட்டி அறையின் நடுவில் இருக்கிறதா, வெளிச்சக் குழியில் குழாய்களுக்குத் துளை விட்டிருக்கிறார்களா, மழைநீர் இறங்கும் மூலைக்குச் சரிவு இருக்கிறதா, கவிழ்த்த ஓடுகள் கம்பிக்கு இடையில் நகராமல் இருக்கின்றனவா, ஓடுகளை முதல் நாளே தண்ணீரில் ஊற வைத்தார்களா. ஊறாத ஓடு கான்கிரீட்டின் தண்ணீரைக் குடித்துவிடும். தேதி முடிவானதும் எலக்ட்ரிக்கல் வரைபடத்தை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.